அமாவாசைக்கு மறுநாள் ஆறு மணி

கமலக்கண்ணனைக் கெட்டவன் என்று ஆரணியில் யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வயசானவர்கள் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பான். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவான். ஆனால் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இன்னொருவர் தெரிந்துகொள்ளப் போகிறார் என்றால் அவனுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் வெளியே தெரியாமல் சிரித்துப் பேசவும் அவனுக்கு வரும். ஊரில் நல்ல பெயர் எடுக்க அது போதும்தானே.

அவனுக்கு மட்டும் தெரிந்தது லினக்ஸ். தெருவுக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லா இடத்திலும் விண்டோஸ்தான். மௌஸைப் பிடித்து அமுக்கத் தெரிந்தவனெல்லாம் மாஸ்டர். கமலக்கண்ணன் வேலூரில் டிப்ளமா படித்தபோது ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யைப் போட்டு லினக்ஸைப் பழகிக்கொண்டான். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று திறந்து வைத்துவிட்டுப் போன சிஸ்டம் அது. அப்படித் தாராளமாக வந்து சேர்ந்த ஒன்றைத்தான் இவன் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தினான்.

கொசப்பாளையத்தில் சிவப்பிரகாசம் என்பவர் நடத்திய டிசைன் சென்டரில் அவனுக்கு வேலை. பட்டுச்சேலையின் பார்டரும் முந்தானையும் எப்படி வர வேண்டும் என்று அங்கே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அந்த ஃபைலை ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு போய் குப்புராஜ் என்கிறவன் அட்டைகளில் துளை அடிப்பான். அட்டை தறிமேல் ஏறினால் மயிலோ மாங்காயோ சேலையில் இறங்கும். திருட்டு விண்டோஸ் வைத்திருந்த கடைகளில் ரெய்டு நடந்ததாக எங்கோ வெளியூர்ச் சேதியைக் கேட்டு சிவப்பிரகாசம் மிரண்டு போயிருந்த நேரத்தில் கமலக்கண்ணன் வந்து சேர்ந்தான். நம்மகிட்ட ஓசி சிஸ்டம் கீதுண்ணே, எவனும் வந்து கேக்க மாட்டான் என்றான். அன்றிலிருந்து கடையில் அவன் வைத்ததுதான் சட்டம்.

குணசுந்தரி அவனுக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவள். கிராஃப் பேப்பரில் பென்சிலால் கட்டம் நிரப்புகிற வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் பென்சிலுக்கு வேலை போயிற்று. புருஷன் விசைத்தறிக்கென்று வெளியூர் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் காவ்யா ஆரணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வேலை போனால் தேசூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணி தன்னை எப்படி வைத்துக்கொள்வாள் என்பது ஒரு தீபாவளிக்குப் போய் வந்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாணி அள்ளுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை இவள். சோறு மட்டும் எல்லோரும் தின்று முடித்த பிறகு. படிக்கிற பிள்ளையையும் அந்த வீட்டில் வேலைக்காரியாக்கிவிடுவார்கள்.

சிவப்பிரகாசம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டால் இருக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கற்றுக்கொடுக்க வேண்டியது கமலக்கண்ணன் பொறுப்பு. அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அவன் கற்றுக்கொடுத்த அழகைச் சொல்ல வேண்டும். முதல் நாள் படம் வரைகிற புரோகிராமைத் திறந்து காட்டியிருக்கலாம். அவளுக்குத் தேவை அதுதான். அதைச் செய்யாமல், மௌஸை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து வைத்தான். அடிப்படை தெரியாமல் வரையக் கூடாது என்றான். பயந்து ஓடிவிடுவாள் என்று எண்ணம். எல்.எஸ். என்று அடித்தால் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று காட்டும், சி.டி. என்று அடித்தால் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் பி.டபிள்யூ.டி. என்று அடிக்க வேண்டும் என்றபோது அவள் சிரித்துவிட்டாள். ரோடு போடுகிற ஆபீஸ் பெயராச்சே என்றாள். அவன் சிரிக்கவில்லை.

பிறகு அவளையே ஒரு ஃபைல் செய்யச் சொன்னான். அவள் மகளுடைய பெயரில் ஒன்று செய்து, உள்ளே ஒரு வரி எழுதி வைத்தாள். அவன் எட்டி ஆர்.எம். என்று அடித்து அதை அழித்தான்.

"எங்க போச்சுங்க சார்?" என்றாள்.

"போச்சு. இதுல குப்பைத் தொட்டி கெடையாது. போனா போனதுதான்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் அப்படி ஏதாவது ஒன்று வைத்திருந்தான். வேகமாக அடித்துக் காட்டிவிட்டு உடனே திரையைத் துடைத்துவிடுவான். மறுபடி கேட்டால், எத்தனை தடவ சொல்றது, பேஜாரா போச்சு என்று சலித்துக்கொள்வான். சந்தேகம் இருந்தால் 'மேன்' என்று அடித்துப் படித்துக்கொள் என்பான். அடித்தால் விளக்கம் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் வந்து விழும். பன்னிரண்டாவதோடு நின்ற பெண்ணுக்கு அது எப்படிப் புரியும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் அவன் கணக்கில் ஒன்று விட்டுப் போயிற்று. குணசுந்தரி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். அவன் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்துகிறபோது, அவள் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தாள். அவன் துடைப்பதற்குள் மனசில் வாங்கிக்கொண்டாள். மதியம் அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் உட்கார்ந்து, அதே கட்டளையைத் தப்பாக அடித்து, அது என்ன திட்டுகிறது என்று பார்த்து, திருத்தி அடித்துக் கற்றுக்கொண்டாள். பென்சில் காலத்தில் ஒரு கட்டம் தப்பினால் பொறுமையாக அழித்துவிட்டு மறுபடி வரைந்தவளுக்கு இது பெரிய காரியமாகப் படவில்லை. ஆடி போய் ஆவணி வந்தபோது படம் வரைகிற புரோகிராமையும் தானாகவே திறந்து, ஒரு கொடிப் பார்டரை முழுசாகப் போட்டு வைத்திருந்தாள்.

கமலக்கண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் தேவிகாபுரம், பஸ்ஸில் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். இவளே வரைந்து, இவளே மிஷினையும் பார்த்துக்கொண்டால் தன்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? அவள் சம்பளம் அவன் சம்பளத்தில் பாதிகூட இல்லை. சிவப்பிரகாசம் இளகிய மனசுக்காரரும் இல்லை.

கடையில் இரண்டு மிஷின். முன்னறையில் இருப்பதில்தான் வேலை. பின்னறையில் பழைய மிஷின் ஒன்று. வரைந்த டிசைனையெல்லாம் சாயங்காலம் அதில் ஒரு நகல் போட்டு வைப்பார்கள், முன்னறை மிஷினுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எடுத்துக்கொள்ள. அந்த நகல் எடுக்கிற வேலைக்காகவே கமலக்கண்ணன் ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பான். கையால் ஒவ்வொரு கட்டளையாக அடிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த குணசுந்தரி ஒருநாள் கேட்டாள், தினமும் இதே வரிகளைத்தானே அடிக்கிறீர்கள், இதை எழுதி வைத்து அதுவே பண்ணுகிற மாதிரி செய்ய முடியாதா என்று. செய்யலாம், அதற்குப் பெயர் ஷெல் ஸ்கிரிப்ட், உன்னால் ஆகாது என்றான்.

ஆகாது என்று சொன்னதுதான் தப்பு. அவள் விடவில்லை. பத்து நாள் கழித்து எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

மூன்றே வரி. பின்னறை மிஷினில் இருக்கிற நகல் ஃபோல்டருக்குப் போ என்பது முதல் வரி. அங்கே இருக்கிற பழையதையெல்லாம் அழி என்பது இரண்டாவது. இன்றைய டிசைன்களைக் கொண்டுவந்து அங்கே போடு என்பது மூன்றாவது. இதைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷின் தானாகவே ஓட்டும்படி எப்படிப் பண்ணுவது என்பதையும் 'மேன்' பக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக் கண்டுபிடித்திருந்தாள். ஸ்கிரிப்டை டிசைன்களோடு கலந்துவிடாமல் தனி இடத்தில் வைத்திருந்தாள். சுத்தமான வேலை.

ஒரு ஓட்டையைத் தவிர. கமலக்கண்ணன் படித்த மாத்திரத்தில் அதைப் பார்த்துவிட்டான். பின்னறை மிஷின் ஆஃப் ஆகியிருந்தால் முதல் வரி பலிக்காது. நகல் ஃபோல்டருக்குப் போக முடியாது. போக முடியவில்லையே என்று ஸ்கிரிப்ட் நிற்காது. ஒரு வரி தோற்றாலும் மிஷின் அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே 'எல்லாவற்றையும் அழி' என்று இருக்கிறது. எங்கே நிற்கிறதோ அங்கே அழிக்கும். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்குகிற இடமோ, முன்னறை மிஷினில் டிசைன்கள் அத்தனையும் இருக்கிற ஃபோல்டர்.

நியாயமாகச் சொன்னால், சொல்லத்தான் வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து சிவப்பிரகாசம் உள்ளே வந்தார். அவள் செய்ததைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு. கையை வீசி, ஏம்மா, நீ இவ்ளோ கெட்டிக்காரியா என்றார். பிறகு கமலக்கண்ணன் தோளில் தட்டினார்.

"அப்ப இனிமே உனக்கு இன்னாப்பா வேல இங்க?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறவர்கள் முகத்தை அவன் பார்த்திருக்கிறான்; அது இப்படி இருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. எடுத்த வாயை மூடிக்கொண்டான். குணசுந்தரி, இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் சார், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவன் படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டிவிட்டு, "சரியாக் கீது" என்றான்.

ஸ்கிரிப்ட் தினமும் ஆறு மணிக்கு ஓடிற்று. ஒரு குறையும் இல்லை. குணசுந்தரி முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பொங்கல்வரைக்கும் பார்க்க வேண்டியதில்லை, நீ இங்கேயே இருக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார் என்று மகளிடம் சொன்னதாக, கமலக்கண்ணனிடமே வந்து சந்தோஷப்பட்டாள். எல்லாம் உங்க புண்ணியம் சார் என்றாள். அவன் இருக்கட்டும் இருக்கட்டும் என்றான். மனசுக்குள் அமாவாசை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரணியில் அமாவாசை என்றால் தறிச்சத்தம் கேட்காது. தறியைத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு நெசவாளிகள் அன்றைக்குச் சும்மா இருப்பார்கள். சிவப்பிரகாசத்துக்குக் கம்ப்யூட்டரும் தறிதான். சோறு போடுகிறது அல்லவா. அமாவாசையன்று கடைக்கு லீவு விட்டுவிட்டு, அவர் மட்டும் குளித்துவிட்டு வந்து முன்னறை மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். திரை முழுக்கச் சாமி படம் வரும்படி கமலக்கண்ணன் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தான். விளக்கேற்றிய பிறகும் அந்தத் திரையை அணைக்கக் கூடாது. இரவு படுக்கப் போகும்வரை சாமி தெரிய வேண்டும். பின்னறை மிஷினுக்குப் பூஜை கிடையாது. கரண்ட் வீணாகிறதே என்று அதை மட்டும் அணைத்துவிடுவார். தறியூரில் இருந்தால்தான் இப்படி ஒரு வழக்கம் வரும். இந்த வழக்கம் இருக்கிற இடத்தில்தான் அந்த மூன்று வரி டிசைன்களையே அழிக்கும்.

குணசுந்தரிக்கு இது தோன்றாமல் இல்லை. அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் கேட்டாள்.

"நாளைக்கி பின்னாடி மிஷின் ஆஃப்ல இருக்குமேங்க சார். ஸ்கிரிப்ட் ஓடினா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"இன்னா ஆவப் போவுது? நகல் எடுக்காது, அவ்ளோதான். நீ ஜல்தியா வூட்டுக்குப் போ."

அவள் நம்பிவிட்டாள். கற்றுக்கொடுத்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். கமலக்கண்ணன் தன் திட்டத்தில் தனக்கே நல்ல பெயர் கொடுத்துக்கொண்டிருந்தான். யாருக்கும் பெரிய நஷ்டம் வராது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். முன்னறையில் எல்லாம் அழிந்தாலும் பின்னறையில் முந்தின நாள் நகல் பத்திரமாக இருக்கும். எல்லோரும் பதறி நிற்கும்போது தான் போய் அதை எடுத்துப் போட்டுவிடலாம். கடையைக் காப்பாற்றியவன் தான் என்று ஆகும். அவள் வெளியே போவாள். மறுநாள் தேவிகாபுரத்தில் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு கோயில் வாசலில் நின்றவன், ஆறு மணிக்கு வாட்சைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்கு மறுநாள் காலையில் அவன் கடைக்குப் போனபோது குணசுந்தரி முன்னறையில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. எல்.எஸ். என்று அடிப்பாள், ஒன்றும் வராது. மறுபடி அடிப்பாள். திரை முழுக்க அதே இரண்டெழுத்து வரிசையாக இருந்தது. அழக்கூடத் தோன்றாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்த ஆர்டர்கள் அதில் இருந்தன. அட்டை அடிக்காத டிசைன்கள், திருத்தி வைத்தவை, அவளே போட்ட அந்தக் கொடிப் பார்டர் எல்லாம் அதில்தான்.

சிவப்பிரகாசம் ஜரிகை வாங்கக் காலையிலேயே காஞ்சிபுரம் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். இது கமலக்கண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவர் இல்லாமல் காப்பாற்றி என்ன பிரயோஜனம்? பார்க்க ஆள் வேண்டாமா?

பின்னறைக்குப் போய் அந்த மிஷினைப் போட்டான். முன்னறையோடு இணைத்துப் பார்த்தான். நகல் இருந்தது, ஒன்று குறையாமல். மறுபடி முன்னால் வந்தபோது முகத்தைச் சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டான். குணசுந்தரி அவன் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"பின்னாடி முந்தாநேத்து நகல் இருக்குமேங்க சார். அத எடுத்துப் போட்டுரட்டுங்களா?"

"எதையும் தொடாத. நீ தொட்டுத்தான் இப்டி ஆயிக் கீது. அண்ணன் வரட்டும், அவரு பாக்கட்டும்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். காலை முழுக்க அப்படியே இருந்தாள். குப்புராஜ் ஃப்ளாப்பி வாங்க வந்தான். சாயங்காலம் வா என்று கமலக்கண்ணன் அனுப்பிவிட்டான். மதியம் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரலை நக்கி நக்கித் தின்றான். நீ சாப்பிடலயா என்று ஒரு தடவை கேட்டான். அவள் தலையாட்டினாள். மத்தியானத்துக்கு மேல் அவள் மெதுவாகக் கேட்டாள், காவ்யாவுக்குப் பரீட்சை முடிகிறவரைக்குமாவது முதலாளி விடுவாரா என்று. அது அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவன் பேப்பரைப் புரட்டினான். அந்த ஒரு நாள் அவனுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை அவனே பிறகு நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். இருந்தது. வேலூரில் டிப்ளமா வாங்கிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

இனிப்பு அதிகமானால் புத்தி மந்தமாகும் போலிருக்கிறது. அமாவாசையை இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தவன், மறுநாளும் ஆறு மணி வரும் என்பதை நினைக்கவே இல்லை.

சிவப்பிரகாசம் வந்தபோது ஆறு அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கமலக்கண்ணன் வாசலுக்கே போய் அழைத்துவந்து, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, பிறகு சொன்னான். எல்லா டிசைனும் அழிந்துபோனதையும், குணசுந்தரி எழுதிய ஸ்கிரிப்ட்தான் அழித்தது என்பதையும், தெரியாதவர்கள் கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பதையும் இழுத்து இழுத்துச் சொன்னான். அவர் முகம் வெளுத்ததை நன்றாகப் பார்த்துவிட்டு, கவலைப்படாதீங்கண்ணே, நான் ஒருத்தன் எதுக்குக் கீறேன் என்று பின்னறைக்கு நடந்தான். அவர் பின்னாலேயே வந்தார். குணசுந்தரி கதவோரம் நின்றாள்.

எல்.எஸ். என்று அடித்தான். ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை அடிக்கவேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை. தெரிந்தவனாயிற்றே, பார்த்த கணமே புரிந்துவிட்டது. காலையில் தன் கையால் இந்த மிஷினைப் போட்டான். ஆறு மணிக்கு அந்த மூன்று வரி மறுபடி ஓடியிருக்கிறது. இந்தத் தடவை முதல் வரி பலித்துவிட்டது. நகல் ஃபோல்டருக்கு ஒழுங்காக வந்து, பழையதையெல்லாம் ஒழுங்காக அழித்து, முன்னறையில் மிச்சமிருந்த வெறுமையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. காலையில் அவளை விட்டிருந்தால் எல்லாம் அங்கே இருந்திருக்கும். மிஷினைப் போடாமல் இருந்திருந்தாலும் இருந்திருக்கும்.

இன்னாப்பா என்றார் சிவப்பிரகாசம். அவன் வாய் தானாகவே வேலை செய்தது. அவ எழுதினது இதையும் அழிச்சிட்டிருக்குண்ணே என்றான்.

குணசுந்தரி பேசினாள். "காலையில நான் கேட்டங்க மொதலாளி. இதுலேர்ந்து எடுத்துரட்டுங்களான்னு கேட்டன். சாருதான் தொடாதன்னாரு."

"அவ கேக்கவே இல்லண்ணே," என்றான் கமலக்கண்ணன். பொய் சொல்லும்போது அவன் குரல் பிசிறவே இல்லை. அதோடு நிற்காமல், டிஸ்கில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும், என்னால் எடுத்துவிட முடியும், கொஞ்சம் டைம் ஆகும் என்றும் சொன்னான். போனால் போனதுதான் என்று முதல் நாள் பாடத்தில் சொன்னவன் அவனேதான். குணசுந்தரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அது முடியாது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

சிவப்பிரகாசம் ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போன் பண்ண முன்னறைக்குப் போனார். குணசுந்தரி போகவில்லை. அவள் சண்டை போடுவாள், சாபம் கொடுப்பாள் என்று கமலக்கண்ணன் எதிர்பார்த்தான். அவளோ கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டாள்.

"அந்த ரெண்டாவது வரி ஓடாம இருக்கணும்னா இன்னா போட்டிருக்கணுங்க சார்?"

பாவி, அதற்காவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்கிற வார்த்தை அவனுக்கு எப்போதுமே வந்ததில்லை.

"மொத வரி முடிவுல ரெண்டு அண்ட் குறி போட்டு அடுத்ததச் சேத்திருக்கணும். மொதல்து பலிச்சாத்தான் அடுத்தது ஓடும். சின்னப் புள்ளைக்கிக்கூட அது தெரியும்."

"அப்ப அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள். "படிச்சிப் பாத்துட்டு சரியாக் கீதுன்னீங்களே. அமாவாசைக்கி மொத நாளும் கேட்டனே."

அவன் கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். வாசற்படியில் நிழல் தட்டியது. சிவப்பிரகாசம் போனை வைத்துவிட்டு எப்போது திரும்பி வந்தார் என்று இருவருக்கும் தெரியாது.

"கேட்டுகினுதான் இருந்தேன்," என்றார்.

குணசுந்தரியின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத உயிர் வந்தது. கமலக்கண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். சிவப்பிரகாசம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபத்தில் பார்க்கிற மாதிரி இல்லை. கடைத்தெருவில் இரண்டு சாமான்களில் எதை எடுப்பது என்று பார்ப்பது மாதிரி இருந்தது. கடைசியில் அவளிடம் சொன்னார்.

"நீ போம்மா. நாளையிலேர்ந்து வராத."

"அவரு தெரிஞ்சே உட்டாருங்க மொதலாளி. நீங்களே கேட்டீங்க."

"தெரிஞ்சிதான் உட்டான். தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் எனக்குக் கீறான். இவனையும் அனுப்பிட்டு, போன டிசைன யார வெச்சி எடுப்பேன்?"

எடுக்க முடியாது என்று அவள் சொல்லப் போனாள். இவன் சொல்வது பொய் என்று இவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே அழித்தவள். பையை எடுத்துக்கொண்டு, திறக்காத டிபன் பாக்ஸை அதில் வைத்தாள். வாசலில் செருப்பைத் தேடுகிறபோதுதான் அழுகை வந்தது. பின்னறை வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் தெருவில் போய்க் கலந்துவிட்டது. அடுத்த வாரம் காவ்யாவின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு அம்மாவும் மகளும் தேசூர் பஸ் ஏறினார்கள் என்று குப்புராஜ் சொன்னான்.

அன்றைக்கு அவள் போனதும் கமலக்கண்ணனுக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல முடியாது. பிழைத்தோம் என்று இருந்தது அவனுக்கு. மூச்சை நன்றாக இழுத்து விட்டான். நாற்காலி போகவில்லை. அவள் இல்லை. வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

சிவப்பிரகாசம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவனுக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தார்.

"ஆரம்பிப்பா," என்றார். "எடுக்கற வரைக்கும் நான் எங்கியும் போவல. நீயும் போவாத."

கமலக்கண்ணன் இரண்டு விரலால் எல்.எஸ். என்று அடித்து, எண்டரைத் தட்டினான்.